லிவர மூடினாலும் தீ அடங்க மாட்டேங்குது, அடுப்போட காத்து வழிய மாத்தலாமா?

சுள்ளி:

வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன். வீட்ட சூடு பண்றதுக்கு ஒரு பழைய இரும்பு விறகு அடுப்பு வச்சிருக்கேன். முன்னாடி கண்ணாடி கதவு, அடியில கிராதி, அதுக்குக் கீழ சாம்பல் தட்டு, மேல புகைக்குழாய் நேரா கூரைக்கு வெளிய போகுது, மொத்தம் 5 மீட்டர் உயரம் வரும். காத்துக்கு ரெண்டு லிவர், கீழ ஒண்ணு, கதவுக்கு மேல ஒண்ணு.

பிரச்சனை என்னன்னா ரெண்டு லிவரையும் முழுசா மூடினாக்கூட தீ அடங்க மாட்டேங்குது. ஒரு தடவை விறகு போட்டா முக்கால் மணி நேரத்துல எல்லாம் எரிஞ்சு முடிஞ்சிருது. ஆனா கண்ணாடி மட்டும் ஒரே ராத்திரியில கரி அப்பி ஒண்ணுமே தெரியாமப் போயிருது. இது ரெண்டும் ஒரே அடுப்புல எப்படி நடக்குதுன்னு எனக்குப் புரியல, காத்து அதிகமா போனா கண்ணாடி சுத்தமா இருக்கணும், கம்மியா போனா தீ அடங்கணும், ரெண்டும் இல்ல. போதாக்குறைக்கு சில நாள் பத்த வைக்கும்போது புகை வீட்டுக்குள்ளயே திரும்பி வருது.

என் பிளான் இதுதான். கீழ இருக்குற காத்து ஓட்டைய தகடு வச்சு வெல்டிங் பண்ணி பாதியா குறைச்சிட்டு, பின்பக்க சுவர்ல தீக்கு மேல வர்ற மாதிரி 6 மி.மீ. ஓட்டை எட்டு போட்டு செகண்டரி ஏர், அதாவது புகைய எரிக்கிறதுக்கு மேல்காத்து குடுக்குறது. டிரில் கையில இருக்கு, ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். யாராவது பண்ணிருக்கீங்களா, ஓட்டை அளவு சரியா?

துருத்திக்காரன்:

தம்பி, முதல்ல அந்த டிரில்ல கீழ வைங்க. நான் முப்பது வருஷமா இரும்பு வேலை பாக்குறேன், அடுப்பு நிறைய திறந்து பாத்திருக்கேன். லிவர மூடியும் தீ அடங்கலன்னா காத்து லிவர் வழியா வரலன்னு அர்த்தம். லிவர் வழியா வராத காத்துக்கு லிவர்கிட்ட தகடு வச்சு என்ன பிரயோஜனம்.

கதவ சுத்தி ஒரு கயிறு இருக்குமே, கண்ணாடி நார்க் கயிறு, அத பாருங்க. அடுப்பு ஆறின பிறகு ஒரு காகிதத் துண்ட கதவுக்கு நடுவுல வச்சு மூடி தாழ் போட்டு இழுங்க. இறுக்கிப் பிடிச்சு கிழிய வந்தா நல்ல கயிறு, சும்மா வழுக்கிட்டு வந்தா கயிறு செத்துப்போச்சு. கதவ சுத்தி ஒரு கை அகலத்துக்கு ஒரு தடவ பண்ணணும், ஒரு இடத்துல மட்டும் பாத்துட்டு விட்றாதீங்க, கீல் பக்கம் கண்டிப்பா பாருங்க. சாம்பல் தட்டு கதவுக்கும் அதே மாதிரி. பாத்துட்டு வந்து சொல்லுங்க, அதுக்கு முன்னாடி ஒரு ஓட்டை கூட போடாதீங்க.

கங்கு:

அண்ணன் சொல்றது சரி. நான் அந்தக் கண்ணாடி விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா இது எனக்கும் ரொம்ப நாள் குழப்பமா இருந்துச்சு.

கதவுக்கு மேல இருக்குற லிவர் எதுக்குன்னா அங்க இருந்து வர்ற காத்து சூடாகி கண்ணாடிய ஒட்டி மேலருந்து கீழ இறங்கும், திரை போட்ட மாதிரி. அந்தத் திரை இருக்குற வரைக்கும் புகை கண்ணாடில படியாது. நீங்க தீய அடக்கணும்னு மேல் லிவரையும் மூடிட்டீங்க. அடியில எங்கயோ ஒழுகுற காத்து நேரா கங்குல பாஞ்சு விறக வேகமா திங்குது, கண்ணாடிக்குப் போக வேண்டிய காத்து போகல, அதான் தீயும் அடங்கல கண்ணாடியும் கரியாகுது. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்.

இன்னொண்ணு. விறகு கட்டையா எரியுதுன்னு நாம நினைக்கிறோம், ஆனா காஞ்ச விறகோட எடையில முக்கால்வாசிக்குப் பக்கம் சூடு பட்டதும் வாயுவா பிரிஞ்சு வெளிய வருது, அந்த வாயுதான் பெரிய தீயா எரியுது, மிச்சம் இருக்குற கரி அப்புறம் கங்கா நின்னு எரியும். நம்பலன்னா ஒரு மெழுகுவத்திய ஏத்தி ஊதி அணைங்க, திரியில இருந்து ஒரு வெள்ளைப் புகை நூல் மாதிரி மேல போகும், அந்தப் புகையில திரிக்கு ஒரு விரக்கடை மேல தீக்குச்சியக் காட்டினீங்கன்னா தீ புகை வழியா கீழ இறங்கி திரிய பத்த வைக்கும். திரியத் தொடவே வேண்டாம். அடுப்புல வர்ற புகையும் அதே மாதிரி எரியாத எரிபொருள்தான், வெளிய விட்டா காசு குழாய் வழியா போகுது.

அந்த வாயு எரியணும்னா ரெண்டு வேணும், 600 டிகிரிக்குப் பக்கம் சூடு, அப்புறம் மேல இருந்து காத்து. அடியில இருந்து வர்ற காத்து கங்குக்குத்தான் போகும். கரி எரிக்கிற அடுப்புக்கு அடிக்காத்து அவசியம், விறகுக்கு சாம்பல் மெத்தை மேல படுக்க வச்சு மேல்காத்து குடுத்தாத்தான் நிதானமா எரியும். அதனால செகண்டரி ஏர் வேணும்ங்கிற உங்க யோசனை தப்பில்ல. ஆனா பின்சுவர்ல சும்மா ஓட்டை போட்டா பச்சைக் காத்து, அதாவது சூடாகாத காத்து நேரா உள்ள வரும், எரிய வேண்டிய வாயுவ அது குளிர வச்சிரும். அந்தக் காத்து உள்ள வர்றதுக்கு முன்னாடி சூடான இரும்பு வழியா சுத்தி வரணும்.

உங்க விறகு எப்படி, எவ்வளவு நாள் காஞ்சது?

ஊதாங்குழல்:

நான் வேற மாதிரி பண்ணேன். கம்ப்யூட்டர்ல இருக்குற சின்ன ஃபேன் ஒண்ண எடுத்து கீழ் காத்து ஓட்டைக்கு நேரா மாட்டி, ஸ்பீடு கண்ட்ரோல் வச்சிட்டேன். வேணும்னா கூட்டலாம் வேண்டாம்னா குறைக்கலாம், பத்த வைக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும். சுள்ளி ப்ரோ, ஓட்டைய மூடிட்டு ஃபேன் மாத்திரம் வச்சா கண்ட்ரோல் உங்க கையில இருக்கும், இத யோசிச்சுப் பாருங்க.

தேக்கு:

ஊதாங்குழல், கோவிச்சுக்காதீங்க, நீங்க அத எடுத்துருங்கன்னு கேட்டுக்கிறேன். நான் ரெண்டு குளிர் காலத்துக்கு முன்னாடி இதேதான் பண்ணேன். ஒரு நாள் ஃபேன கூட்டி வச்சிட்டு போன் பேசப் போயிட்டேன், இருபது நிமிஷம் இருக்கும், திரும்பி வந்து பாத்தா புகைக்குழாயோட முதல் ஒரு முழம் இருட்டுல மங்கலா செவந்து தெரியுது. ஃபேன நிறுத்திட்டு எல்லா லிவரையும் மூடிட்டு தள்ளி நின்னு பாத்துட்டே இருந்தேன், வேற எதுவும் செய்ய முடியல. நல்லவேளை குழாய்க்குள்ள தார் அதிகமா படியாம இருந்துச்சு, இருந்திருந்தா அது பத்திருக்கும், சிம்னி உள்ள பத்தினா 1000 டிகிரிக்கு மேல போகும்னு பின்னாடி படிச்சேன். மறுநாள் உள்ள பாத்தா தீக்கு மேல புகைய மறிச்சு சுத்தி விடுற பேஃபிள் பிளேட் அப்பளம் மாதிரி வளைஞ்சு கெடக்குது, கிராதியில ஒரு கம்பி வெடிச்சிருக்கு. பேஃபிள் புதுசா செஞ்சு போட வேண்டியதாப் போச்சு.

சாம்பல் தட்டு கதவ கொஞ்சமா திறந்து வச்சு பத்த வைக்கிற பழக்கம் இருக்குறவங்களுக்கும் இதேதான் சொல்வேன். அதுவும் அடியில துருத்தி வச்ச மாதிரிதான்.

துருத்திக்காரன்:

தேக்கு சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. துருத்தி எதுக்கு இருக்கு, இரும்ப பழுக்க வைக்கத்தான். பட்டறையில அடியில காத்து அடிச்சுத்தான் இரும்ப சிவக்க வைக்கிறோம், அதையே வீட்டு அடுப்புக்குப் பண்ணா அடுப்பே பழுக்கும். இன்னொரு ஆபத்து இருக்கு. சாதாரணமா அடுப்புக்குள்ள காத்தழுத்தம் வீட்ட விட கம்மியா இருக்கும், அதனால எங்க சந்து இருந்தாலும் காத்து உள்ளதான் போகும். ஃபேன் வச்சு தள்ளினா அழுத்தம் தலைகீழா மாறிடும், கதவு சந்துல, குழாய் மூட்டுல எல்லாம் புகையும் விஷவாயுவும் வீட்டுக்குள்ள வரும். ஃபேன் வச்சு செய்யிற அடுப்பு தனியா இருக்கு, அது அதுக்குன்னே மூடி இறுக்கி செஞ்சது. நம்ம அடுப்பு அது இல்ல.

ஊதாங்குழல்:

சரிண்ணே. அழுத்தம் மாறும்ங்கிறது எனக்குத் தெரியாது. கழட்டிட்டேன்.

சுள்ளி:

எல்லாருக்கும் நன்றி. காகித டெஸ்ட் பண்ணேன். கதவோட மேல்பக்கம், தாழ் பக்கம் ரெண்டும் நல்லா பிடிக்குது. கீழ்ப்பக்கம் முழுசா வழுக்கிட்டு வந்துருச்சு. கயிற விரலால அமுக்கிப் பாத்தேன், மேல மெத்துன்னு இருக்கு, கீழ கல்லு மாதிரி கெட்டியாகி பளபளன்னு இருக்கு, ஒரு இடத்துல அறுந்து ரெண்டு விரல் அகலத்துக்கு கயிறே இல்ல.

அப்புறம் இன்னொண்ணு நானா பண்ணிப் பாத்தேன். அடுப்ப சின்னதா எரிய விட்டுட்டு ஒரு ஊதுபத்திய ஏத்தி கதவு விளிம்ப சுத்தி மெதுவா கொண்டு போனேன். மேல எல்லாம் புகை நேரா நின்னுச்சு. கீழ் மூலைக்கு வந்ததும் புகை அப்படியே படுத்து ஒரு கோடு மாதிரி சந்துக்குள்ள ஓடிருச்சு, ஊதுபத்தி முனை கூட பிரகாசமா ஆச்சு. கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். சாம்பல் தட்டு கதவுகிட்டயும் இடது பக்கம் கொஞ்சம் இழுத்துச்சு.

கணக்கும் போட்டேன். கீழ் சந்து 30 செ.மீ. நீளம், 2 மி.மீ. அகலம்னு வச்சா 6 சதுர செ.மீ. வருது. கீழ் லிவர் முழுசா திறந்தா அந்த ஓட்டை 12 சதுர செ.மீ.தான். அப்ப லிவர் மூடியிருந்தாலும் என் அடுப்பு எப்பவுமே பாதி திறந்துதான் ஓடிட்டு இருந்திருக்கு.

விறகு பத்தி கேட்டீங்க, போன வருஷம் வெட்டினது, தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன்.

கங்கு:

தார்ப்பாய் நாலு பக்கமும் இழுத்து மூடியிருந்தா விறகு காயாது, வேகும். மேல மட்டும் மூடணும், பக்கம் எல்லாம் காத்து ஓடணும், அடியில ரெண்டு கட்டை வச்சு தரையில இருந்து தூக்கி வைக்கணும். ஒரு கட்டைய பொளந்து உள்பக்கம் ஈரம் பாக்குற மீட்டர் வச்சுப் பாருங்க, வெளிப்பக்கம் பாத்தா ஏமாந்து போவீங்க. 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா எரிக்கலாம். பச்சை மரத்துல பாதி எடை தண்ணியாவே இருக்கும், அந்தத் தண்ணி ஆவியாகி முடியிற வரைக்கும் தீக்கு சூடு ஏறாது, 600 டிகிரிய நினைச்சே பாக்க முடியாது. எவ்வளவு நல்லா காத்து குடுத்தாலும் ஈர விறகு முன்னாடி ஒண்ணும் நடக்காது.

நிலாமுற்றம்:

எல்லாரும் காத்த குறைக்கிறதப் பத்தியே பேசுறீங்க, நான் அதுல ஒண்ணு சொல்லியே ஆகணும். தீ ராத்திரி முழுக்க நிக்கணும்னு நிறைய பேர் லிவர்ல கம்பெனி வச்ச தடுப்ப ராவி எடுத்துட்டு முழுசா மூடிட்டு தூங்கப் போறாங்க. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் பண்ணாரு. தடுப்பு இருக்குறதே முழுசா மூடக்கூடாதுங்கிறதுக்குத்தான், அது எங்களுக்குத் தெரியல.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்துச்சு. எனக்கு எந்திரிக்கவே முடியல, தலைய யாரோ கட்டின மாதிரி இருக்கு, சின்னவ வாந்தி எடுத்துட்டு அழுறா. ஜன்னல் எல்லாம் திறந்து போட்டுட்டு குழந்தைங்கள தூக்கிட்டு வெளிய ஓடினோம். அடுப்புல தீயே தெரியல, வெறும் நீறு பூத்த நெருப்பு, புகை ஒரு துளி இல்ல, வாசனை இல்ல. தீ இல்லையேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம், அந்தக் கங்குதான் அந்த வாயுவ விட்டுட்டு இருந்திருக்கு. குழாய் குளுந்து போனதால மேல இழுக்கல, வீட்டுக்குள்ள இறங்கிருச்சு. டாக்டர் சொன்னாரு, ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் ஆக்சிஜனப் பிடிக்கிறத விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இந்த வாயுவப் பிடிச்சுக்கும்னு. அந்த அலாரத்த வாங்கச் சொல்லி எங்க அம்மா மூணு மாசம் நச்சரிச்சாங்க. அவங்க சொன்னதாலதான் இத இன்னிக்கு எழுதிட்டு இருக்கேன்.

சுள்ளி தம்பி, கயிறு மாத்துறதுக்கு முன்னாடி அலாரம் மாட்டுங்க. கயிறு மாத்தினா அடுப்பு இறுக்கமாயிரும், இப்ப ஒழுகுற காத்தே இல்லாமப் போகும், அப்ப லிவர முழுசா மூடினா எங்களுக்கு நடந்தது நடக்கும். எப்பவும் மேல் லிவர கொஞ்சமாவது திறந்து வைங்க.

சுள்ளி:

அக்கா, படிக்கவே பயமா இருக்கு. குழந்தைங்க நல்லாருக்காங்களா? இன்னிக்கே ஆர்டர் போட்டுட்டேன், ரெண்டு, ஒண்ணு அடுப்பு இருக்குற ரூமுக்கு, ஒண்ணு படுக்குற ரூமுக்கு.

நிலாமுற்றம்:

நல்லாருக்காங்க தம்பி. ரொம்ப சந்தோஷம்.

கணக்கன்:

பத்த வைக்கும்போது புகை திரும்பி வர்றதப் பத்தி யாரும் தொடல, நான் சொல்றேன். புகைக்குழாய் இழுக்குறது அதுக்குள்ள இருக்குற சூடான காத்து வெளிக்காத்த விட லேசா இருக்குறதால. 5 மீட்டர் குழாய், வெளிய 5 டிகிரி, குழாய்க்குள்ள 200 டிகிரின்னு வச்சா இழுவை 25 பாஸ்கல் (காத்தழுத்தத்த அளக்குற அலகு) வரும், உரசல்ல கொஞ்சம் போகும், இருந்தாலும் தாராளம். ஆனா பத்த வைக்கிறப்ப குழாய் வீட்டு சூட்டுலதான் இருக்கும், 20 டிகிரி. அப்ப அதே கணக்குல வெறும் 3 பாஸ்கல்தான். 3 பாஸ்கல எதிர்க்க ஒண்ணும் பெருசா வேண்டாம், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலே போதும்.

ஒரு கிலோ காஞ்ச விறகு எரியறதுக்கு கணக்குப்படி 6 கிலோ காத்து வேணும், நடைமுறையில அதுக்கு ரெண்டு மடங்கு போகும், அதாவது 10 கன மீட்டர். மணிக்கு ரெண்டு கிலோ விறகு எரிச்சா 20 கன மீட்டர் காத்து வீட்டுல இருந்து போகுது. சமையலறை ஃபேன் மணிக்கு 300 கன மீட்டருக்கு மேல வெளிய தள்ளும். வீடு இறுக்கமா இருந்தா அந்த ஃபேனுக்கு வேண்டிய காத்து எங்கருந்து வரும்? இருக்குறதுலயே பெரிய ஓட்டை உங்க புகைக்குழாய்தான், அது வழியா இறங்கி வரும்.

இது புதுப் பிரச்சனையும் இல்ல. 1740கள்ல பெஞ்சமின் ஃபிராங்க்ளின் செஞ்ச அடுப்புல புகை முதல்ல கீழ இறங்கி, அப்புறம்தான் சிம்னியில மேல ஏறணும். சூட்ட மிச்சம் பிடிக்க அருமையான யோசனை, ஆனா சிம்னி குளுந்திருந்தா இழுவை பத்தாது, புகை ரூமுக்குள்ள வந்துச்சு. பின்னாடி வந்தவங்க அந்த வழிய மாத்தி புகைய மேல போக விட்டாங்க.

சுள்ளி, புகை திரும்பி வந்த நாள்ல எல்லாம் ஃபேன் ஓடிச்சான்னு யோசிச்சுப் பாருங்க.

சுள்ளி:

ஓடிச்சு. சாயங்காலம் பத்த வைக்கிற நேரத்துலதான் எப்பவும் அடுப்படியில ஃபேன் ஓடும். ஞாயித்துக்கிழமை காலையில பத்த வச்சா புகை வந்ததே இல்ல, இப்பத்தான் உறைக்குது. நேத்து வேணும்னே டெஸ்ட் பண்ணேன், ஃபேன் போட்டுட்டு அடுப்பு கதவு திறந்தா முகத்துல சில்லுன்னு காத்து அடிக்குது, குழாய்ல இருந்து. ஃபேன நிறுத்திட்டு பக்கத்து ஜன்னல ஒரு விரல் அளவு திறந்ததும் நின்னுருச்சு.

அப்ப அடுப்புக்கு வெளிய இருந்தே தனியா காத்து குழாய் போட்டுறலாமா? என் அடுப்புக்கு பின்னாடி கீழ ஒரு வட்ட மூடி இருக்கு, அத தட்டி எடுத்தா 100 மி.மீ. குழாய் மாட்டலாம்னு மேனுவல்ல படம் போட்டிருக்கு.

துருத்திக்காரன்:

கம்பெனியே இடம் விட்டிருந்தா தாராளமா போடுங்க, இதுதான் நீங்க அடுப்புல செய்யக்கூடிய ஒரே நல்ல மாற்றம்னு நான் சொல்வேன். சில விஷயம் கவனிக்கணும். குழாயோட வெளி வாய் அடுப்பு எரியிற இடத்த விட கீழ இருக்கணும், மேல பரண்ல இருந்தோ கூரையில இருந்தோ ஒருநாளும் எடுக்கக்கூடாது, ஏன்னா மேல போற குழாய் எதுவா இருந்தாலும் அதுவும் சிம்னி மாதிரி இழுக்கும், என்னிக்காவது சூடான புகை அது வழியா போச்சுன்னா மரச்சட்டம் பத்திக்கும். குழாய் இரும்புதான், பிளாஸ்டிக் கூடவே கூடாது. குளுந்த காத்து வர்றதால வீட்டுக்குள்ள குழாய்க்கு வெளியில வேர்த்துக் கொட்டும், அதுக்கு எரியாத இன்சுலேஷன் சுத்துங்க. வெளி வாய்ல எலி, பூச்சி வராத அளவுக்கு வலை, ஆனா ரொம்ப பொடி வலை வேண்டாம், தூசி அடைச்சுக்கும், மாசம் ஒரு தடவ பாருங்க. நடுவுல மூடுற டேம்பர் ஒண்ணு வைங்க, எரியாத நாள்ல குளிர் உள்ள வராம இருக்க.

அடுப்புக்குள்ள எது போட்டாலும் ஜிங்க் பூசின தகடு வேண்டாம் தம்பி. ஜிங்க் 419 டிகிரியிலயே உருகும், அதோட புகைய சுவாசிச்சா காய்ச்சல் வரும், எங்க பட்டறையில பசங்களுக்கு வந்திருக்கு. அலுமினிய டேப்பும் உள்ள ஒட்டாதீங்க, 660 டிகிரியில உருகிரும்.

எதிர்காத்து:

நான் இதுக்கு எதிர்ப்பா சொல்றேன், மன்னிக்கணும். எங்க வீட்ல வெளிக்காத்து குழாய் போட்டு ஒரு வருஷம் வச்சிருந்து எடுத்துட்டேன். காத்து பலமா அடிக்கிற பக்கத்துல வாய் இருந்தா தீ திடீர்னு எகிறும், அடிக்காத பக்கத்துல இருந்தா அந்த சுவர்ல இழுப்பு வந்து அடுப்புல இருந்து காத்த வெளிய உறிஞ்சும். ரெண்டும் எனக்கு நடந்துச்சு, ரெண்டாவது நடந்தப்ப குழாய் தொட்டா சுட்டுச்சு. ரூம்ல சுவர்ல ஒரு காத்து ஓட்டை இருந்தாலே போதும், அடுப்புக்கு பக்கத்துல வச்சா குளிரும் அதிகமா தெரியாது, அழுத்தமும் சமமாகும்.

கணக்கன்:

எதிர்காத்து சொல்றதுல நியாயம் இருக்கு. காத்து அதிகமா அடிக்கிற மேட்டு வீட்டுக்கு நேரடி குழாய் சரிவராது. ஆனா ரூம்ல ஓட்டை போட்டாலும் ஃபேன் ஓடும்போது அந்த ஓட்டை 300 கன மீட்டருக்கு ஈடு குடுக்காது, வீடு ரொம்ப இறுக்கம்னா அடுப்பு இன்னும் பாதிக்கப்படும். வீட்டப் பொறுத்து முடிவு பண்ணணும்.

துருத்திக்காரன்:

அவர் சொன்ன அந்த சுட்ட குழாய் விஷயம் நடக்கக்கூடியதுதான், அதனாலதான் இரும்பு குழாய்னு சொன்னேன். பக்கத்துல மரம் படாம இடைவெளி விட்டுத்தான் போடணும். எதிர்காத்து, உங்க குழாய் எவ்வளவு நீளம் இருந்துச்சு?

எதிர்காத்து:

ஆறு மீட்டர், மூணு வளைவு.

துருத்திக்காரன்:

நீளமும் அதிகம், வளைவும் அதிகம். சுள்ளிக்கு சுவர் பின்னாடியே இருக்கு போல. இருந்தாலும் உங்க அனுபவத்த நான் தள்ளிப் பேசல.

சுள்ளி:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், நிறைய நடந்துச்சு.

பழைய கயிற சுரண்டி எடுக்கவே ஒரு நாள் போச்சு, பள்ளத்துல பழைய பசை கல்லா இறுகியிருந்துச்சு, உளி வச்சு மெதுவா எடுத்து கம்பி பிரஷ் போட்டேன். 10 மி.மீ. கயிறு, சூடு தாங்குற பசை. கயிற இழுத்து ஒட்டக்கூடாதுன்னு பாக்கெட்ல போட்டிருந்துச்சு, இழுத்தா மெலிஞ்சு சந்து விழும், அதனால தள்ளித் தள்ளி வச்சு ஒட்டினேன். கதவ மூடி ஒரு ராத்திரி விட்டுட்டு மறுநாள் சின்னதா தீ போட்டேன். காகிதம் இப்ப நாலு பக்கமும் கிழியுது.

அப்புறம் கங்கு சொன்னது மனசுலயே இருந்துச்சு, சூடான இரும்பு வழியா சுத்தி வர்ற மேல்காத்து. பேஃபிள் தகட்ட கழட்டி அடுப்ப அண்ணாந்து டார்ச் அடிச்சுப் பாத்தா, பின்சுவர்ல குறுக்கால ஒரு குழாய் இருக்கு. அதுல வரிசையா ஓட்டை. எல்லாம் துருவும் கரியும் அடைச்சு சுவர் மாதிரி ஆயிருச்சு, கைய வச்சு தடவினப்பத்தான் லேசா பள்ளம் பள்ளமா தட்டுப்பட்டுச்சு. 4 மி.மீ. டிரில் பிட்ட மெஷின்ல மாட்டாம கையில பிடிச்சு ஒவ்வொண்ணா திருகினேன், ஒவ்வொரு ஓட்டையிலயும் கருஞ்செதில் உதிர்ந்து முகத்துல விழுது. மொத்தம் பதினாலு ஓட்டை. நான் எட்டு ஓட்டை போட நினைச்ச அதே இடம், அதே உயரம், அடுப்பு செஞ்சவங்க முன்னாடியே போட்டு வச்சிருக்காங்க.

வெளிக்காத்து குழாயும் போட்டாச்சு, சுவர் பின்னாடியே இருக்குறதால அரை மீட்டர், வளைவு இல்ல, சுவர் முழுக்க செங்கல். ஃபேன் போட்டு பத்த வச்சுப் பாத்தேன், புகை வரல. கதவு திறக்கும்போது மட்டும் கொஞ்சம் வருது, அப்ப ஃபேன நிறுத்திக்கிறேன்.

இப்ப எரிக்கிற முறை: ரெண்டு லிவரும் திறந்து பத்த வைக்கிறேன், கால் மணி நேரத்துல குழாய்ல ஒட்டின தெர்மாமீட்டர் 150 தாண்டினதும் கீழ் லிவர மூடிடுறேன், மேல் லிவர் பாதி. நேத்து ராத்திரி லைட்ட அணைச்சிட்டு பாத்தேன். கட்டைங்க மேல சோம்பேறித்தனமா ஒரு தீ அலையுது, அதுக்கு மேல அந்தப் பதினாலு ஓட்டையில இருந்தும் தனித்தனியா நீலமும் மஞ்சளுமா தீ நீட்டிட்டு நிக்குது, கேஸ் பர்னர் மாதிரி. வெளிய போய் சிம்னிய பாத்தேன், சூட்டுல காத்து நடுங்குறது மட்டும் தெரியுது, புகை இல்ல. அதே அளவு விறகு இப்ப ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்குது.

கங்கு:

இதப் படிச்சதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்ல முடியல. விறகு ஈரம் பாத்தீங்களா?

சுள்ளி:

பாத்தேன், பொளந்த உள்பக்கம் 26 காட்டுச்சு. தார்ப்பாய் பக்கத்த எல்லாம் தூக்கி கட்டிட்டேன், இந்த வருஷத்துக்கு வேற இடத்துல காஞ்ச விறகு வாங்கி எரிக்கிறேன், அது 17.

ஒரே ஒரு சந்தேகம் இருக்கு. கண்ணாடி முழுக்க சுத்தமா இருக்கு, ஆனா இடது கீழ் மூலையில மட்டும் ஒரு கை அளவு பழுப்பா படியுது. கயிறு அந்த இடத்துல நல்லாத்தான் பிடிக்குது, ஊதுபத்தி வச்சும் பாத்துட்டேன்.

தேக்கு:

கட்டைய எப்படி அடுக்குறீங்க? நுனி கண்ணாடியப் பாத்த மாதிரியா?

சுள்ளி:

ஆமா, கொஞ்சம் நீளமான கட்டைங்க, இடது பக்கம் சாஞ்சுதான் உக்காருது.

தேக்கு:

அதான். கட்டை நுனியில இருந்துதான் வாயு பீச்சிட்டு வெளிய வரும், அது கண்ணாடிக்குப் பக்கத்துல இருந்தா காத்துத் திரைய மீறி போய் அங்க ஒட்டும். ரெண்டு விரக்கடை கம்மியா அறுத்து, கண்ணாடிக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு குறுக்கால வைங்க. படிஞ்சத ஈரமான காகிதத்துல கொஞ்சம் சாம்பல் தொட்டு தேய்ங்க, அடுப்பு ஆறின பிறகு, வந்துரும்.

சுள்ளி:

வந்துருச்சு அண்ணே. இன்னிக்கு எல்லா கட்டையையும் அறுத்து வச்சிட்டேன்.